தடம் எண் நாற்பத்தொன்றின் ஒரே பயணி

இந்த உலகத்தில் யாருடைய துணையும் இல்லாமல் வாழக்கூடிய உயிர்கள் மொத்தம் மூன்று. ஒன்று, கடலடிப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிப்பி. இரண்டு, ஃபைட்டர் மீன். மூன்று, நான். சிப்பியைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. மற்ற இரண்டையும் பக்கத்திலிருந்து கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் என் விஷயம். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. எங்கள் துறையின் சுவர்ப் பத்திரிகைக்கு ஆசிரியர், துணை ஆசிரியர், சில வாரங்களில் ஒரே வாசகர் எல்லாம் நானே. அதில் 'துணை என்பது ஒரு கெட்ட பழக்கம்' என்ற என் கட்டுரைத் தொடர் ஏழு வாரம் ஓடியது. மூன்றாவது வாரம், சாயங்காலமானால் விடுதி மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போடும் கூட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டேன். "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்று ஆரம்பிக்கிறார்கள். "சரிம்மா, வேற ஒண்ணுமில்ல, வச்சிடறேன்" என்று முடிக்கிறார்கள். நடுவில் இருப்பதும் ஒன்றுமில்லைதான். ஒன்றுமில்லாததைச் சொல்வதற்கென்றே ஒரு கருவியைக் கண்டுபிடித்த விலங்கு மனிதன் மட்டுமே என்று எழுதினேன். படிக்கட்டுக்காரர்கள் இரண்டு பேர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சௌகரியமாக இருந்தது.

இதையெல்லாம் எழுதிய காலத்தில் நான் அம்மா அப்பாவோடு வீட்டில்தான் இருந்தேன் என்பதைச் சிலர் ஒரு குறையாகச் சுட்டிக்காட்டினார்கள். கொள்கை வேறு, முகவரி வேறு.

அந்த முகவரியை மாற்றும் வாய்ப்பும் வந்தது. எடைக்கருவி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஆறு மாதப் பயிற்சி. பஸ்ஸில் ஒன்பது மணி நேரத் தூரம். தனி அறை. பன்னிரண்டு நாளில், ஒரு திங்கட்கிழமை காலையில், போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். அடுத்த பெயர் அந்தப் படிக்கட்டுக்காரர்களில் ஒருவனுடையது.

கடிதத்தை அம்மா இரண்டு தடவை படித்தாள். சட்டைத் தொழிற்சாலையில் தையல் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. எதையும் இரண்டு தடவை பார்ப்பாள்.

"நல்ல விஷயந்தான். ஆனா அப்பாவை இப்படியே விட்டுட்டு எப்படிடா போவே?"

'இப்படியே' என்பதை விளக்கியாக வேண்டும்.

அப்பா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். முப்பத்தோரு வருடம். எந்த வண்டி, எந்த நடைமேடை, எத்தனை மணி என்று ஒலிபெருக்கியில் கேட்கிறதே, அந்தக் குரல் அப்பாவுடையது. இரண்டு மாதம் முன்பு ஓய்வு கொடுத்து ஒரு பெரிய மாலையும் ஒரு சின்னச் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். அவர் நாற்காலியில் ஒரு இயந்திரத்தை உட்கார வைத்தார்கள். முன்பே பதிவுசெய்த பெண் குரல் ஒன்று இப்போது எல்லா வண்டியையும் அனுப்பிவைக்கிறது.

நாற்காலிதான் போனதே தவிர அட்டவணை அப்பாவை விட்டுப் போகவில்லை. காலை ஐந்தரைக்கு முதல் வண்டி. அதிலிருந்து இரவு ஒன்பது வரை கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். புறப்படும் நேரம் வந்தால் நிற்பார், தொண்டையைச் செருமுவார், யாரும் கேட்கவில்லை என்று தெரிந்து மறுபடி நடப்பார். முதல் வாரம் எங்களையே பயணிகளாக்கப் பார்த்தார். "கவனிக்கவும். குளியலறைக்குக் காத்திருப்போர் துண்டுடன் தயார் நிலையில் இருக்கவும்." நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். அம்மா எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள், திரும்பி வர ஆறு. பயணிகள் இல்லாத நிலையம் எத்தனை நாள் நடக்கும்?

நேராகப் பழைய நிலையத்துக்கே போக ஆரம்பித்தார். அங்கே ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று இயந்திரத்தோடு சண்டை. ஒரு நாள் காவலாளி எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, சார் தினமும் வந்து மெஷினைத் திட்டறாரு. 'வண்டி போய் நாலு நிமிஷம் ஆச்சு, இப்ப யாரைடி கூப்பிடறே'ங்கறாரு."

"வண்டி போயிடுச்சா அண்ணே?"

"போயிடுச்சுதான். அவர் சொல்றது சரிதான். ஆனா நடைமேடைல இறங்கி நின்னுல்ல சொல்றாரு? இன்னிக்கு ரிவர்ஸ் எடுத்த வண்டி ஒரு சாண் இடைவெளில நின்னுச்சு. வந்து கூட்டிட்டுப் போ."

நான் போய்க் கூட்டிவந்தேன். அன்றிலிருந்து யாராவது ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. அம்மாவின் விடுப்பெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அந்த யாராவது ஒருவர் யார் என்பதை எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே யோசித்தார்கள். அப்பா ஒரு பக்கம் நடக்க, நான் என் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு பக்கம் நடந்தேன். கீழ்வீட்டுக்காரர் மேலே என்ன விசேஷம் என்று கேட்டார்.

வழி சொன்னது அக்கா. கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அங்கிருந்தபடியே போனில் இந்த வீட்டை ஆள்கிறாள்.

"டேய் மேதை, அந்த வீட்ல ஒரு உயிர் வேணும்டா."

"நான் இருக்கேனே."

"பேசற உயிரைச் சொல்லல. கேக்கற உயிர்."

நாய் என்றேன். "முடி கொட்டும்" என்றாள் அம்மா. "நாள் முழுக்க நூல் பொறுக்கறேன். வீட்டுக்கு வந்தும் பொறுக்கணுமா?" பூனை? "அது யார் பேச்சைக் கேட்டுச்சு?" கிளி? "திருப்பிப் பேசும். ஏற்கனவே ஒண்ணு இருக்கு" என்று என்னைக் காட்டினாள்.

மீன் என்றாள் அக்கா. ரேடியோ இருந்த அலமாரித் தட்டில் ஒரு சின்னத் தொட்டி வைக்கலாம். சின்னத் தொட்டி என்பதால் ஒரே ஒரு மீன். தனியாக இருக்கக்கூடிய மீனாகப் பார்.

மீன் வளர்ப்பைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அது ஐந்தாம் வாரக் கட்டுரை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயைத் திறந்து மூடும் ஒன்றைப் பார்த்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒருவர் வாயைத் திறந்து மூடுகிறார். இதில் யார் யாரை வளர்க்கிறார்கள் என்பது அதன் சாரம். ஆனாலும் மறுபேச்சில்லாமல் கிளம்பினேன். அப்பா வீட்டில் தங்குவார் என்றால் முதலையைக்கூட வாங்கிக் கொடுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மீன் கடைக்குப் போனோம். வளர்ப்பு மீன் கடை. நீண்ட இருட்டு அறை, இரண்டு பக்கமும் வெளிச்சத் தொட்டிகள், நூறு மோட்டார்கள் ஒரே சமயத்தில் கொப்பளிக்கும் சத்தம். கடைக்காரருக்கு முழங்கை வரை ஈரம். வாங்க என்று சொல்கிற வழக்கம் இல்லை. நேராக விசாரணைதான்.

"தொட்டி எங்க வைப்பீங்க?"

"ரேடியோ இருந்த தட்டுல" என்றாள் அம்மா.

"எவ்வளவு இடம்?"

அம்மா கையை விரித்துக் காட்டினாள். கையாலேயே காலர் அளக்கிறவள். அவர் நம்பினார்.

"இருபது லிட்டர். யார் பாத்துப்பாங்க?"

"இவர்."

கடைக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையில் ஒலிபெருக்கி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

நான் அவசரத்தில் இருந்தேன். எட்டே நாள். முதல் தொட்டியைக் காட்டி, "அந்த கோல்டு ஃபிஷ்ல ஒண்ணு குடுங்க" என்றேன்.

"ஒண்ணு குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

"கூட்டத்து மீன். தனியா விட்டா மூலைல போய் நின்னுக்கும். அதோட ஒரு அடி வளரும். இருபது லிட்டர்ல அதை வைக்கறதும் பீரோவுக்குள்ள ஆளை வைக்கறதும் ஒண்ணு."

"சரி, இந்தக் கோடு போட்டது?"

"அது எட்டுப் பத்து சேர்ந்தாதான் தைரியமா வெளிய வரும். ஒண்ணை மட்டும் விட்டா கல்லுக்குப் பின்னாடியே இருந்துடும். நீங்க கல்லைத்தான் வளக்கணும்."

"கப்பி?"

"ஜோடியா எடுத்தீங்கன்னா ரெண்டு மாசத்துல நாப்பது. அப்புறம் நீங்களே ஒரு கடை போட்டுடலாம். எனக்கு எதிர்லயே."

பெரிய தொட்டியில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒன்று கண்ணாடியோடு ஒட்டி நின்று எங்களை எடைபோட்டுக்கொண்டிருந்தது. அதைக் கேட்டேன்.

"ஆஸ்கார். தனியா இருப்பான். ஆளைக்கூட அடையாளம் வச்சுப்பான். ஆனா முழங்கை நீளம் வருவான். ரேடியோவை எடுத்தாப் போதாது, கட்டிலை எடுக்கணும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணே, இந்தக் கடைல தனியா இருக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்கூட இல்லையா?"

அவர் பின்சுவரைக் காட்டினார்.

அங்கே தட்டுத் தட்டாக வாயகன்ற கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீன். ஒரு பாட்டிலுக்கும் அடுத்த பாட்டிலுக்கும் நடுவே ஒரு அட்டை செருகியிருந்தது.

"ஃபைட்டர். ஆணை ஆணோட விட்டா ஒண்ணுதான் மிஞ்சும். அதான் அட்டை. பாட்டில் கடைக்குத்தான், வீட்டுக்கு இல்ல. இருபது லிட்டர் குடுத்தா ராஜா மாதிரி இருப்பான். அப்பப்ப மேல வந்து காத்து குடிப்பான். தொட்டிய விளிம்பு வரைக்கும் ரொப்பாதீங்க. மூடி கட்டாயம் போடுங்க, குதிப்பான்."

அவர் ஒரு அட்டையை உருவினார். இரண்டு மீன்களும் செவுளை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று பார்த்து நின்றன. எந்தப் பக்கத்து வீட்டுக்காரரோடும் ஒரு வார்த்தை பேசவேண்டியிராத வாழ்க்கை. என் தொடருக்கு எட்டாவது கட்டுரை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"கண்ணாடியக் காட்டினா தன்னோடயே சண்டை போடுவான்" என்றார் கடைக்காரர்.

"நம்ம வீட்டுக்குத் தோதான ஆள்தான்" என்றாள் அம்மா.

அவள் பாட்டில் பாட்டிலாகத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பினாள். சட்டையைப் பார்ப்பது மாதிரியேதான். "இது வேணாம். ஓரம் பிரிஞ்சிருக்கு."

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "வால் அழுகல் ஆரம்பிச்சிருக்கு. நானே கவனிக்கலியே! அம்மா எங்க வேலை பாக்கறீங்க?"

"சட்டை ஃபேக்டரி. செக்கிங்."

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு அம்மாவிடம் மட்டும் பேசினார். அம்மா கடைசியில் ஒன்றை எடுத்தாள். அடர்ந்த நீலம், துடுப்பின் விளிம்பில் மட்டும் மெல்லிய சிவப்பு. "கரை சுத்தமா இருக்கு."

அப்பா பாட்டிலுக்கு முன்னால் குனிந்தார்.

"இதுக்குக் காது கேக்குமா?"

"கேக்கும் சார். காது உள்ள இருக்கு, வெளிய தெரியாது."

"அப்ப சரி."

தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்துவிட்டு மறுநாள்தான் மீனை எடுக்க வேண்டும் என்றார் கடைக்காரர். மாறிவிடக்கூடாது என்று அம்மா கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு நூலை எடுத்துப் பாட்டிலின் கழுத்தில் கட்டினாள். கிளம்பும்போது கடைக்காரர் தீவன டப்பாவைக் கொடுத்து, "காலைல மூணு உருண்டை, சாயங்காலம் மூணு உருண்டை. அவன் வயிறு அவன் கண்ணு அளவுதான். ஞாபகம் வச்சுக்குங்க" என்றார். அவர் அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். அதுதான் தப்பாகிப்போனது.

திங்கட்கிழமை மீன் வந்தது. அப்பா நாற்காலியை அலமாரிக்கு எதிரே இழுத்துப் போட்டார். இரண்டு மாதத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். மாலை ஆறேகால். தொண்டையைச் செருமினார்.

"பயணிகளின் கவனத்துக்கு. தடம் எண் நாற்பத்தொன்று. மாலை ஆறு பதினைந்து வண்டி. ஆறாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது."

தொட்டியின் அடியில் செடிக்குப் பின்னால் இருந்த மீன் திரும்பியது. அப்பா மூடியைத் தூக்கித் தீவனம் போட்டார். மீன் மேலே வந்தது.

"பயணி ஏறிட்டாரு" என்றார் அப்பா. அன்றிலிருந்து அதற்குப் பெயர் பயணி.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்பா நிலையத்துக்குப் போகவில்லை. வாசல் பக்கமே போகவில்லை. நடையும் நின்றது. நான் பெட்டியை இறக்கித் துடைத்தேன். அக்காவிடம் போனில் அப்பாவின் அறிவிப்பை நடித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டு, "அது நிஜமாவே மேல வருதாடா?" என்றாள்.

"சோத்துக்கு வருது. அறிவிப்புக்கு வர்ற மாதிரி அப்பாவுக்குத் தோணுது. காதும் இல்லாம மூளையும் இல்லாம ஒரு ஜந்து, அதுக்கு நடைமேடை எண் வேற."

"காது உள்ள இருக்குன்னு அம்மா சொன்னாங்களே."

"உள்ள இருந்து என்ன புண்ணியம்?"

வியாழக்கிழமை மத்தியானம் நான் தண்ணீர் குடிக்க வந்தேன். அப்பா நாற்காலியில் இல்லை, தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தார். பயணி அடியில் ஒருக்களித்துக் கிடந்தார். வயிறு ஒரு கோலிக்குண்டு மாதிரி உப்பியிருந்தது. துடுப்பு மட்டும் லேசாக அசைந்தது.

நான் தீவன டப்பாவைத் திறந்தேன். பாதி காலி. இரண்டு மாதத்துக்கு வரும் என்று கொடுத்த டப்பா.

"அப்பா, எத்தனை போட்டீங்க?"

"மூணு மூணுதான் போட்டேன்."

"காலைல மூணு, சாயங்காலம் மூணுதானே?"

அப்பா என்னைப் புரியாமல் பார்த்தார். "ஒவ்வொரு வண்டிக்கும் மூணு."

அட்டவணையில் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு வண்டி. அறிவித்துவிட்டு ஏற்றாமல் விடக்கூடாது என்பது அவருடைய முப்பத்தோரு வருட ஒழுக்கம். மூன்று நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன், கதவைச் சாத்திக்கொண்டு, எட்டாவது கட்டுரை எழுதிக்கொண்டு. இருபத்திரண்டு தடவை மூடி திறந்து மூடும் சத்தம் என் காதில் விழவே இல்லை.

கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளவும். பஸ்ஸுக்கு நிற்கத் தோன்றவில்லை. கடைக்காரரிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். மூச்சு வாங்கிக்கொண்டே முதலில் கேட்டது இதுதான்: "அண்ணே, இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா? நீலம், சிவப்புக் கரை?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பாட்டிலை எடுத்து முன்னால் வைத்தார். அச்சு அசல்.

"இருக்கு. ஆனா இவன் உங்கப்பா குரலைக் கேட்டதில்ல."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"உங்கம்மாவுக்கு."

உண்மை. அம்மா ஒரு பொத்தான் மாறியிருந்தாலே கண்டுபிடிப்பாள். அவர் பாட்டிலைத் திரும்ப அட்டைகளுக்கு நடுவே செருகினார்.

"அது இன்னும் சாகலியே தம்பி, அதுக்குள்ள ஆளை மாத்தறீங்க? வயித்துல அடைப்பு. மூணு நாள் பட்டினி போடுங்க. லங்கணம் பரம ஔஷதம். தினம் கால் பங்கு தண்ணிய மட்டும் மாத்துங்க. பொழைச்சா பொழைக்கும்."

வியாழன் மாலை தண்ணீர் மாற்றினேன். அப்பா டப்பாவைத் தாமாகவே என் கையில் கொடுத்துவிட்டார். ஆறேகால் வந்தது. தொண்டையைச் செருமவில்லை. ஆறரை ஆனது. எழுந்தார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடை ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை காலை அம்மா வேலைக்குப் போன கால் மணி நேரத்தில் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார். செருப்பை நான் ஏற்கனவே ஒளித்துவைத்திருந்தேன். அவர் வெறுங்காலோடு படியிறங்கத் தயாராக இருந்தார்.

"எங்கப்பா போறீங்க?"

"நிலையத்துக்கு."

"இங்க யார் அறிவிக்கறது?"

"எப்படிடா அறிவிக்கறது? கூப்பிட்டா மேல வரும். வந்தா போட ஒண்ணும் இல்ல. வண்டி இல்லாம பயணியக் கூப்பிடறது பச்சைத் துரோகம்."

எனக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். அந்தப் படிக்கட்டுக்காரனின் முகம் கண்ணில் வந்து போனது. அதே சமயம் அப்பாவின் கால் விரல்கள் குளிர்ந்த படியில் சுருங்கி நின்றதையும் பார்த்தேன். எதைப் பார்த்துப் பேசினேன் என்று சொல்வது கடினம்.

"அப்பா, வண்டி ரத்தானா அறிவிக்க மாட்டீங்களா?"

அவர் நின்றார். "ரத்துன்னா கட்டாயம் அறிவிக்கணும். இல்லன்னா ஜனங்க காத்துட்டு நிப்பாங்களே."

"அவர் காத்துட்டுத்தானே இருக்காரு?"

அப்பா படியிலிருந்து காலைப் பின்னுக்கு எடுத்தார். "காரணம் சொல்லணும்" என்றார்.

"சொல்லுங்க."

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பயணி அப்போதும் ஒருக்களித்துத்தான் கிடந்தார்.

"பயணிகளின் கவனத்துக்கு. உடல்நலக் காரணங்களால் இன்றும் நாளையும் எல்லாத் தடங்களிலும் உணவுச் சேவை ரத்து செய்யப்படுகிறது. பயணிகள் யாரும் சிரமப்பட்டு மேலே வர வேண்டாம். தடங்கலுக்கு வருந்துகிறோம்."

நான் சமையலறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். பயணி வரவில்லை. ஆனால் ஒரு தடவை திரும்பிப் படுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வண்டிக்கும் அப்பா ரத்து அறிவித்தார், ஒவ்வொரு தடவையும் காரணத்தோடு. ஒன்பது மணி வண்டி வரை செருப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் வயிறு பாதியாகியிருந்தது. மத்தியானம் பயணி நிமிர்ந்தார். ஆறேகாலுக்கு அம்மா வேலையிலிருந்து வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் நின்றாள். அப்பா தடம் எண் நாற்பத்தொன்றை ரத்து செய்ய ஆரம்பித்ததுமே மீன் அடியிலிருந்து புறப்பட்டுத் தள்ளாடித் தள்ளாடி மேலே வந்தது. கண்ணாடியோரம் அப்பாவின் முகத்துக்கு நேரே நின்றது. மூடி திறக்கவில்லை. ஒன்றும் விழவில்லை. அறிவிப்பு முடிகிறவரை அங்கேயே நின்றுவிட்டுத்தான் செடிப் பக்கம் போனது.

"வேண்டாம்னு சொல்லியும் வந்துட்டாரு" என்றார் அப்பா.

"பசிம்மா" என்றேன் அம்மாவிடம், மெதுவாக. "மூணு நாள் பட்டினி. போட ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சும் வெறும் குரலுக்கு எழுந்து ஓடி வர்றதுக்கு அது என்ன, விடுதிப் பையனா?"

அம்மா என் சட்டையின் தோள்பட்டையில் ஒரு நூலைப் பார்த்து, பல்லால் கடித்து அறுத்தாள். "பாக்கலாம் துரை" என்றாள். எதை என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை நான் கிளம்பினேன். பட்டினி முடிந்து பயணிக்கு மூன்றே மூன்று உருண்டை. மற்ற வண்டிகளெல்லாம், அம்மாவின் ஏற்பாட்டின்படி, 'உணவு வசதி இல்லாத சாதாரணப் பேருந்துகள்'. அப்பா வாசல் வரை வந்தார். எந்தத் தடம், எத்தனையாவது நடைமேடை என்று ஏதாவது சொல்வார் என்று பெட்டியோடு கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன்.

"பாத்துப் போ" என்றார். ஏழு நாற்பது வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போய்விட்டார்.

நிலையத்தில் இயந்திரம் என் பஸ்ஸை அறிவித்தது, பஸ் கிளம்பி மூன்று நிமிடம் கழித்து. வாசல் நெரிசலில் நின்ற பஸ்ஸின் ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

தனி அறை நான் நினைத்த மாதிரியே இருந்தது. எட்டடிக்குப் பத்தடி. ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு ஜன்னல். பக்கத்து அறைக்கும் எனக்கும் நடுவே அட்டை மாதிரி ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று இருமலை வைத்துத் தெரிந்துகொண்டேன். தொழிற்சாலையில் என் வேலை, எடைக்கருவியின் தட்டில் ஒரு கிலோ படிக்கல்லை வைப்பது, எண்ணைக் குறிப்பது, எடுப்பது. ஒரு நாளைக்கு நானூறு தடவை. எதிரில் இருப்பவர் இரண்டு கிலோ. அவரும் காதில் இயர்போன் மாட்டியிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் மிகவும் நன்றாக இருந்தது. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமையும் நன்றாகவே இருந்தது. எட்டாவது கட்டுரையை முடிக்க உட்கார்ந்தேன். எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். கதவிலிருந்து ஜன்னலுக்கு நடந்தால் ஆறு எட்டு. திரும்பி வரவும் ஆறுதான், பலமுறை சரிபார்த்தேன். புதன்கிழமை இரண்டு கிலோக்காரரிடம் மணி என்ன என்று கேட்டேன். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைக் கைகாட்டினார்.

அன்று அறைக்கு வந்ததும் நடக்க ஆரம்பித்தவன், ஆறு பன்னிரண்டுக்கு நின்றேன். கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தேன்.

"என்னடா துரை?" என்றாள் அம்மா. "என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. அம்மா ஒன்றை இரண்டாவது தடவை பார்க்கும்போது இப்படித்தான் இருப்பாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இரு" என்றாள். போனை எங்கோ மெதுவாக வைக்கும் சத்தம். மரத்தட்டு. பக்கத்தில் மோட்டார் கொப்பளித்தது. நாற்காலி நகர்ந்தது. ஒரு செருமல்.

"பயணிகளின் கவனத்துக்கு. தடம் எண் நாற்பத்தொன்று. மாலை ஆறு பதினைந்து வண்டி..."

நான் கட்டிலை விட்டு எழுந்து, ஜன்னல் கண்ணாடியோரம் போய், அறிவிப்பு முடிகிறவரை நின்றேன்.

"வேற ஒண்ணும் இல்லியே?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. வச்சிடறேன்."

மறுநாள் ஆறு பதினாலுக்குக் கூப்பிட்டேன்.